அலசிய புகை

"என் கோட்டில் ஆப்பிள் வாசனை வருது" என்று சொல்லிக்கொண்டே வக்கீல் தன் கறுப்புக் கோட்டைக் கவுண்டரின் மேல் போட்டார்.

லாண்டரிக்காரர் கோட்டை எடுத்து முகத்தருகே கொண்டுபோய் மூச்சை இழுத்தார். காலரில் இழுத்தார். கக்கத்தில் இழுத்தார். உள்ளே திருப்பி லைனிங்கிலும் ஒருமுறை இழுத்தார்.

"ஒண்ணும் வரலையே சார்."

"உங்களுக்கு வரலையா? நேத்து கோர்ட்ல வாதாடிக்கிட்டு இருக்கேன். நீதிபதி கண்ணாடியைக் கழட்டிட்டு, 'யாருய்யா இங்க பழம் சாப்பிடறது'ன்னு கேட்கிறார். மொத்தக் கோர்ட்டும் என்னைத் திரும்பிப் பார்க்குது."

"பழ வாசனை நல்ல வாசனைதானே சார்."

"பழத்துக்குப் பின்னாடியே ஒரு கரி நாத்தமும் வருது. என் கட்சிக்காரன் மேல இருக்கிறது வீட்டைக் கொளுத்தின கேஸ். நான் கரி நாத்தத்தோட நின்னு அவன் நல்லவன்னு சொன்னா யார் நம்புவாங்க?"

லாண்டரிக்காரர் உதவிக்கு இஸ்திரி மேஜைப் பக்கம் திரும்பினார். இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, கோட்டை மரியாதையோடு முகர்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு முதலாளி."

இஸ்திரிக்காரரின் சாட்சியை வைத்துக்கொண்டு எந்த வழக்கையும் ஜெயிக்க முடியாது. யார் மனமும் நோகக் கூடாது என்பது அவர் கொள்கை. கடை பற்றி எரிந்தாலும் வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லக்கூடியவர்.

"மறுபடி துவைச்சுத் தரேன் சார்" என்றார் லாண்டரிக்காரர்.

"உங்க வீட்டம்மா இருந்தப்ப இப்படியெல்லாம் நடந்ததே இல்லை" என்று சொல்லிவிட்டு வக்கீல் போய்விட்டார்.

அவர் சொன்னது வாஸ்தவம். அந்தக் கடையில் துவைப்பது மெஷின், தேய்ப்பது இஸ்திரிக்காரர், கணக்குப் பார்ப்பது லாண்டரிக்காரர் என்று வேலை பிரிந்திருந்தாலும், கடையின் பேரைக் காப்பாற்றியது லாண்டரிக்காரர் மனைவியின் மூக்குதான். வாடிக்கையாளர்கள் அவளை இன்ஸ்பெக்டரம்மா என்பார்கள். மடித்து முடித்த ஒவ்வொரு துணியும் கடைசியாக அவள் கைக்குப் போகும். கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு மூச்சு. பிறகு "சரி" என்பாள், அல்லது "மறுபடி" என்பாள். அதற்கு மேல்முறையீடு கிடையாது. அலமாரியில் வரிசையாக நிற்கும் வெள்ளைக் கேன்களுக்குக்கூட அந்தக் கடையில் லேபிள் ஒட்டும் வழக்கம் இல்லை. மூடியைத் திறந்து அவள் சொன்னால் அதுதான் லேபிள்.

அப்படிப்பட்டவள் இப்போது அவளுடைய அப்பா வீட்டில் இருந்தாள். கோபித்துக்கொண்டு போய்ப் பல மாதங்கள் ஆகிவிட்டன. காரணம் ஹூக்கா.

துணி உலர்த்தும் மெஷின் வாங்கியபோது கம்பெனி ஏஜெண்ட் அன்பளிப்பாகக் கொடுத்தது அது. அடியில் கண்ணாடிக் குடுவை, மேலே கரி வைக்கும் கிண்ணம், பக்கத்தில் நீளக் குழாய், கூடவே ஆப்பிள் மணம் சேர்த்த புகையிலை. முதல் நாள் விளையாட்டாக இழுத்தார். மறுநாள் விருப்பத்தோடு இழுத்தார். பிறகு சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு வந்தால் அதுதான் வேலை என்று ஆகிவிட்டது.

"அது புகைதானேங்க" என்றாள் மனைவி.

"சிகரெட்தான் அழுக்குப் புகை. இது தண்ணியில அலசி வர்ற புகை. நம்ம தொழில்தான் இது."

வேறு தொழில் செய்பவனுக்கு இதில் சந்தேகம் வந்திருக்கலாம். காலை முதல் மாலை வரை அழுக்கைத் தண்ணீரில் போட்டுச் சுத்தமாக எடுத்துச் சோறு சாப்பிடுகிற மனிதருக்கு வரவில்லை.

"குடுவைத் தண்ணி கலங்கிப் போகுதே" என்றாள் அவள் இன்னொரு நாள்.

"அழுக்கு தண்ணியில இறங்கிடுச்சுன்னு அர்த்தம். அப்ப எனக்குள்ள போறது சுத்தமானதுதானே?"

அதன் பிறகு அவள் பேச்சு குறைந்துபோனது. கடைசிச் சில வாரங்களில் துணியை முகர்ந்துவிட்டுக் கீழே வைக்காமல், கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் நிற்பாள். கோபம் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஒருநாள் பெட்டியோடு வந்து நின்றாள்.

"இந்த வீட்டுல, கடையில, எங்கேயும் புகை நாத்தம் துளிகூட இல்லைன்னு ஆனப்புறம் கூப்பிடுங்க. வரேன்."

அவரும் வீம்புக்கு "போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார். அந்த இரண்டு வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்திருக்கலாம் என்று அன்றிலிருந்து தினமும் நினைத்தார்.

அவள் போன பிறகு ஹூக்காவை விட்டிருக்க வேண்டும். ஆனால் சாயங்காலம் கடைக்கு மேலே இருந்த வீட்டுக்கு ஏறினால் சத்தமே இல்லை. கீழே ஹூக்கா ஒன்றுதான் அவர் இழுத்ததற்குக் குடுகுடுவென்று பதில் பேசியது. இழுத்து முடித்ததும் மேலே போய், கட்டிலில் அவள் பக்கத்துத் தலையணையை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வார். அதில் அவள் வாசனை இருந்தது. தலைக்குப் போடும் எண்ணெய், சோப்பு, அதோடு பேர் வைக்க முடியாத இன்னொன்று. முதலில் நன்றாகத் தெரிந்தது. பிறகு தேட வேண்டியிருந்தது. இப்போது ஒன்றுமே இல்லை. போனவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையணையை விட்டும் போய்விட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. வக்கீல் கோட்டைவிட இது அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

அது போகட்டும். முதலில் கோட்டுப் பிரச்சினையைப் பார்க்க வேண்டும்.

ஹூக்கா இருந்தது கடையின் பின்னறையில். உலர்த்தும் மெஷின் காற்றை உறிஞ்சுவதும் அதே பின்னறையிலிருந்துதான். கண்டுபிடித்த சந்தோஷத்தில் தொடையில் தட்டிக்கொண்டார். அன்றே ஹூக்காவைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். திறந்த வெளி, நல்ல காற்று, இனி ஒரு துணிக்கும் வாசனை எட்டாது என்று நிம்மதியாக உட்கார்ந்து இழுத்தார். தலைக்கு மேலே கொடியில் லாட்ஜ் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. நிழலுக்கு நன்றாக இருந்தது.

அந்த வாரமே லாட்ஜ் மேனேஜர் போனில் வந்தார்.

"சார், புதுசாக் கல்யாணம் ஆனவங்க ரூம் எடுத்திருந்தாங்க. பெட்ஷீட்ல புகை வாசனை வருதுன்னு அந்தப் பொண்ணு அழுவுது. புகையை விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணித்தான் அந்தப் பையன் கல்யாணமே பண்ணினானாம். அவன் இல்லை இல்லைன்னு சொல்றான், அவ நம்ப மாட்டேங்கறா."

"பெட்ஷீட்டை மறுபடி துவைச்சுத் தரேன் சார்."

"பெட்ஷீட்டைத் துவைச்சிடுவீங்க. அந்தப் பையனுக்கு என்ன பதில் சொல்றது?"

லாண்டரிக்காரர் போனை வைத்தார். இனி வாசனையை வாசனையால்தான் அடிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். துணியை மிருதுவாக்குகிற மணமான திரவம் ஒன்று அலமாரியில் உண்டு. அதைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றினால் போதும். கேன்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூக்கை உள்ளே நுழைக்காத குறையாக முகர்ந்தார். எல்லாமே ஒன்றுபோல இருந்தன. எதிலும் ஒன்றும் வரவில்லை.

"சளி பிடிச்சிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தச் சளி அவருக்குப் பல மாதங்களாக இருந்தது. மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்தை மூக்கில் விடுவார். அரைமணி திறக்கும், பிறகு முன்னைவிட இறுக்கமாக அடைக்கும். அதனால் மறுபடி விடுவார். படி ஏறினால் மூச்சு வாங்கியது. இருமல் வந்தால் கவுண்டர் மேஜையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டு, "இதுல மணமான கேன் எது?" என்று கேட்டார்.

இஸ்திரிக்காரர் எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தார். ஒன்றைச் சொன்னால் மற்றவை வருத்தப்படுமோ என்று தயங்கினார் போலிருக்கிறது. "எல்லாமே நல்லாத்தான் இருக்கு முதலாளி" என்றார்.

லாண்டரிக்காரர் குத்துமதிப்பாக ஒன்றை எடுத்துக் கோட்டில் தாராளமாக ஊற்றினார். அது தரை கழுவும் மருந்து.

வக்கீல் மறுபடி அதே கோட்டோடு வந்தபோது, அவர் முகத்தைப் பார்க்க லாண்டரிக்காரருக்குத் தைரியம் வரவில்லை.

"நீதிபதி தும்மினார்" என்றார் வக்கீல். "எதிர்த்தரப்பு வக்கீல் தும்மினார். கூண்டுல ஏறின சாட்சி, 'எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வருது, தலை சுத்துது'ன்னு உட்கார்ந்துட்டார். கேஸை ஒத்தி வச்சுட்டாங்க."

"மன்னிச்சுடுங்க சார்."

"நான் திட்ட வரலை. என் கட்சிக்காரன் என் கையைப் பிடிச்சு நன்றி சொன்னான். இப்படி ஒரு யோசனை எப்படி சார் வந்துதுன்னு கேட்கிறான்." வக்கீல் கோட்டைக் கழற்றி அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். "இதுல என்ன வாசனை வருது, சொல்லுங்க."

லாண்டரிக்காரர் இழுத்தார். "துணி வாசனை."

"எனக்குக் கண்ணு எரியுது. உங்களுக்குத் துணி வாசனையா? கோட்டு மேல தப்பு இல்லைங்க. உங்க மூக்கு மேலதான். நாளைக்கே போய் டாக்டரைப் பாருங்க."

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு பெண்மணி. லாண்டரிக்காரர் சளி, இருமல், சொட்டு மருந்து எல்லாவற்றையும் சொன்னதும், அவரைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, "கண்ணை மூடிக்குங்க. வாசனை தெரிஞ்சதும் சொல்லுங்க" என்றார்.

லாண்டரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். அறை குளுகுளுவென்று இருந்தது. லேசாகத் தூக்கம்கூட வந்தது.

"எப்ப ஆரம்பிக்கலாம் டாக்டர்?" என்று கடைசியில் அவராகவே கேட்டார்.

"முடிஞ்சுடுச்சு. காபித்தூள், கிராம்பு, பூண்டு, மூணும் காட்டியாச்சு."

விளக்கு அடித்து உள்ளே பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார். "எல்லாம் சிவந்து வீங்கியிருக்கு. எத்தனை சிகரெட்?"

"அதெல்லாம் தொட மாட்டேன் டாக்டர். ஹூக்கா மட்டும்தான். அது தண்ணியில அலசி வர்ற புகை."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தண்ணி என்ன செய்யும்னு நினைக்கிறீங்க?"

"அழுக்கை எடுத்துடும்."

"சூட்டைத்தான் எடுக்கும். சூடு தெரியாததால நீங்க ஆழமா இழுக்கறீங்க, ரொம்ப நேரம் உட்கார்ந்து இழுக்கறீங்க. புகையிலையில இருக்கிற விஷம், கரியில இருந்து வர்ற விஷவாயு எல்லாம் உள்ளே போய்க்கிட்டேதான் இருக்கு. மூக்குக்குள்ள தூசியை வெளியே தள்ள மெல்லிசு மயிரிழைகள் இருக்கு. அதுங்க சோர்ந்து படுத்துடும். வாசனையைப் பிடிக்கிற இடமும் அடி வாங்கும். இருமல், மூச்சு வாங்கறது எல்லாம் இதுல இருந்து வந்ததுதான். அந்தச் சொட்டு மருந்தை வேற விட்டு விட்டு அடைப்பை அதிகமாக்கி வச்சிருக்கீங்க."

லாண்டரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எண்ணெய்க் கறையை வெறும் தண்ணீரில் அலசினால் போகாது என்று தொழிலுக்கு வந்த புதிதிலேயே படித்த பாடம். சட்டைக்குத் தெரிந்த நியாயம் மூக்குக்குத் தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

"வீட்ல வேற யார் இருக்காங்க?"

"இப்ப யாரும் இல்லை டாக்டர். மனைவி அவங்க அப்பா வீட்ல இருக்காங்க."

"அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் மருந்து எழுதினார். அது லாண்டரிக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"ஒரு சந்தேகம் டாக்டர். ஒரு தலையணையில வாசனை போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அப்ப அது போகலையா?"

"எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

"அப்ப அது அங்கேயே இருக்கலாம்."

"இருக்கலாம்."

மூக்கு போய்விட்டது என்று கேட்டு முகம் மலர்ந்த நோயாளியை டாக்டர் அன்றுதான் பார்த்திருப்பார். "விட்டுட்டா திரும்பி வருமா?" என்று வாசலில் நின்று கேட்டார் லாண்டரிக்காரர்.

"கொஞ்சம் கொஞ்சமா வரலாம். சிலருக்கு முழுசா வராது. விடலைன்னா வரவே வராது."

அன்று சாயங்காலமே ஹூக்காவைப் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்தார். மறுபடி யாரும் இழுக்கக் கூடாது என்று குழாயைத் தையல் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டித்தான் கொடுத்தார். விடுவது லேசாக இல்லை. கை பரபரத்தபோதெல்லாம் ஒரு ஹேங்கரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். காரணம் இல்லாமல் எரிந்து விழுந்தார். விழுந்தது எல்லாம் இஸ்திரிக்காரர் மேல் என்பதால் சேதம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் தெளிந்ததும் மனைவிக்குப் போன் செய்தார்.

"நான்தான்."

"தெரியுது. சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். விட்டுட்டேன்."

"எதை?"

"ஹூக்காவை."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. "இருமறீங்களே" என்றாள்.

"போற இருமல்னு டாக்டர் சொன்னாங்க."

"டாக்டர்கிட்ட போனீங்களா? என்ன சொன்னாங்க?" அவள் குரல் சட்டென்று மாறியது.

சொல்லியிருக்கலாம். மூக்கு போய்விட்டது என்று சொன்னால் அந்த நிமிடமே கிளம்பி வந்துவிடுவாள். ஆனால் பரிதாபப்பட்டு அவள் வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. அவள் சொன்ன நிபந்தனைப்படி வர வேண்டும், தானாக வர வேண்டும். "சும்மா சளிதான்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை வரேன். வந்து முகர்ந்து பார்ப்பேன். துளி வந்தாலும் அப்பாவோட அப்படியே திரும்பிடுவேன்."

"வா" என்றார். இந்த முறை ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார்.

வாடிக்கையாளர் துணிகள் மூட்டையாகக் காத்துக் கிடக்க, மெஷின்கள் வீட்டுத் துணிக்காக ஓடின. திரைச்சீலை, போர்வை, சோபா உறை, கால்மிதி என்று கையில் கிடைத்தது எல்லாம் தண்ணீரைப் பார்த்தது. சுவரைத் துடைத்தார். மெத்தையை வெயிலில் போட்டுப் புரட்டினார். எல்லாம் முடிந்து நடு வீட்டில் நின்று மூச்சை இழுத்தபோதுதான் விஷயம் உறைத்தது. சுத்தமாகிவிட்டதா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இஸ்திரிக்காரரை மாடிக்குக் கூட்டி வந்தார். "உண்மையைச் சொல்லணும்."

"உண்மையாவே நல்லாத்தான் இருக்கு முதலாளி."

வேறு வழியில்லை. வக்கீலுக்கு ஆள் அனுப்பினார். உலகத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே நேர்மையான மூக்கு, அவரிடம் அடிபட்ட மூக்குதான்.

வக்கீல் சனிக்கிழமை மாலை வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து அறை அறையாக முகர்ந்தார்.

"திரைச்சீலை, விடுதலை" என்றார். "சோபா, விடுதலை. இந்தக் கால்மிதி மேல சந்தேகம் இருக்கு, ஆனா சந்தேகத்தின் பலனை அதுக்கே கொடுத்துடலாம்."

படுக்கையறையில் மெத்தையைத் தாண்டி, அவள் தலையணை அருகே வந்து நின்றார். குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"இது யாரோடது?"

"என் மனைவியோடது. அதை மட்டும் துவைக்கலை சார்."

"ஏன்?"

"அதுல அவ வாசனை இருக்கு."

வக்கீல் தலையணையைக் கையில் எடுத்து நிதானமாக முகர்ந்தார். பிறகு அதை மெதுவாக வைத்துவிட்டு, கோர்ட்டில் யாரும் கேட்டிராத குரலில் சொன்னார். "இருக்குன்னு சொல்லட்டுமா, உண்மையைச் சொல்லட்டுமா?"

"உண்மையைச் சொல்லுங்க."

"புகைதான் இருக்கு. வேற ஒண்ணும் இல்லை. இந்த வீட்டுலயே இது ஒண்ணுலதான் புகை இருக்கு."

தினமும் ஹூக்கா இழுத்த வாயோடும் மூக்கோடும் அவள் வாசனையைத் தேடித் தேடி அதில் முகத்தைப் புதைத்தது அவர்தான். அவளைத் தலையணையிலிருந்து துரத்தியதும் அவர்தான். வக்கீல் எப்போது படியிறங்கிப் போனார் என்று அவர் கவனிக்கவில்லை.

தலையணையை மெஷினில் போட அவருக்கு மனம் வரவில்லை. உறையைக் கழற்றிப் பக்கெட்டில் போட்டுக் கையால் துவைத்தார். தலையணையையும் நனைத்துப் பிழிந்தார். நுரையோடு சேர்ந்து அவளும் போகிறாள் என்று நினைத்தபோது அழுகை வந்தது. மூக்கிலிருந்தும் தண்ணீராகக் கொட்டியது. அதற்காவது அந்த மூக்கு உதவியது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். கூடவே அவளுடைய அப்பா, குடையும் கையுமாக. மாமனார் அதிகம் பேசமாட்டார். கேட்டதற்குப் பதில், கேட்காததற்கு மௌனம். கடைக்குள் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அவள் இளைத்திருந்தாள். லாண்டரிக்காரருக்கு அவளைப் பார்த்ததும் சொல்ல வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. அவ்வளவு ஏங்கியிருந்தார்.

"வாங்கம்மா. நல்லா இருக்கீங்களா?" என்றார் இஸ்திரிக்காரர். அவள் தலையசைத்தாள். மேஜையில் இருந்த ஒரு சட்டையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு இழுத்து வைத்தாள். பிறகு மாடிக்கு ஏறினாள். பின்னாலேயே அவரும் போனார்.

திரைச்சீலையை முகர்ந்தாள். சோபாவை முகர்ந்தாள். அலமாரியைத் திறந்து முகர்ந்தாள். வக்கீல் சந்தேகப்பட்ட கால்மிதியைத் தாண்டிப் போனபோது அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில் தலையணையை எடுத்தாள். முகத்தை முழுவதும் அதில் புதைத்துக்கொண்டாள். ஒரு மூச்சோடு நிறுத்தவில்லை. தோள்கள் ஏறி இறங்கின. இவ்வளவு நேரம் எதைத் தேடுகிறாள் என்று அவர் கதிகலங்கி நின்றார்.

"சுத்தமா இருக்கு" என்றாள். "துளிகூட நாத்தம் இல்லை."

"நிஜமாவா?"

"நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள். அவள் துணி அந்த அலமாரிக்குள் போவதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது. "போய் அப்பாகிட்ட பேசிக்கிட்டு இருங்க. காபி போட்டுத் தரேன்" என்று சமையலறைக்குள் போனாள். அடுப்புப் பற்றும் சத்தம் கேட்டது. பல மாதங்களுக்குப் பிறகு வீட்டில் அவளுடைய சத்தம்.

கீழே இறங்கி வந்தவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் தாங்காதபோது ரகசியமும் தங்காது. இஸ்திரிக்காரரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, மாமனார் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாமா, உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். அவகிட்டச் சொல்லிடாதீங்க."

மாமனார் குடையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"எனக்கு மூக்கு போயிடுச்சு மாமா. ஹூக்காவால. ஒரு வாசனையும் தெரியலை. மேல வீடு மணக்குதா நாறுதான்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவா. அவ மூக்கு இருக்கு, அது போதும். அதை வச்சுக் கடையை ஓட்டிடலாம்."

மாமனார் குடையை ஓரமாக வைத்தார். தலையை உயர்த்தி மாடிப்படிப் பக்கம் பார்த்தார். மூக்கைச் சுளித்தார். மேலே அவள் பாத்திரம் எடுத்து வைக்கும் சத்தம் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"பால் அடிப்பிடிச்சுத் தீயற வாசனை கீழ வரைக்கும் வருது மாப்ளே" என்றார் அவர் தணிந்த குரலில். "அடுப்புப் பக்கத்துலயே நிக்கிற அவளுக்கும் அது தெரியாது, இங்க இருக்கும்போதே அவளுக்கும் மூக்கு போயிடுச்சு, அதை உங்ககிட்ட சொல்ல முடியாமத்தான் புகையைச் சாக்கு வச்சுக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தா."